உறவினன் தங்கியதற்குக் குடும்பம் தண்டனை அனுபவிப்பதா?

தோட்டத்து மக்களாகிய நாம் உறவைப் பெரிதாக மதிப்பவர்கள். ஊரிலிருந்து ஒருவர் வந்துவிட்டால், வீட்டிலிருக்கும் ஒரே பாயை அவருக்கு விரித்துவிட்டு நாம் வெறுந்தரையில் படுப்போம். இது நம் பண்பு. இதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால், வந்த விருந்தாளி தமக்குக் கொடுக்கப்பட்ட நாள் கடந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டால், அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுத்தார். திருமணம் முறைப்படி பதிவாயிற்று. கணவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட, மனைவிக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் கிடைத்தது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வந்தார்கள். ஐந்தாண்டு நிறைந்தால் நிரந்தரவாசத்துக்கு மனுச் செய்யலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேளையில், குழந்தையின் காதுகுத்துக்கு அப்பெண்ணின் தம்பி வந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்! இந்தியப் பிரஜைகள் விசா இல்லாமல் வந்து 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சலுகையில்தான் வந்தான். வருகைப் பதிவில் அக்காள் வீட்டு முகவரியைக் கொடுத்தான். காதுகுத்து முடிந்தது, 30 நாளும் முடிந்தது. தம்பி திரும்பவில்லை. பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காள் வீட்டுக்கு வந்து போனான்.

ஏழு மாதம் கழித்து ஒரு சோதனையில் பிடிபட்டான். அவன் கொடுத்திருந்த முகவரியைத் தேடி அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்தார்கள். "அவன் எங்கே இருந்தான் என்றே எங்களுக்குத் தெரியாது" என்று அச்சத்தினால் கணவர் சொல்லிவிட்டார். பக்கத்து வீடுகளில் விசாரித்த அதிகாரிகளுக்கு உண்மை தெரிந்துபோயிற்று. யார் மீதும் வழக்குப் போடவில்லை. ஆனால் அடுத்த முறை பாஸ் புதுப்பிக்கப் போனபோது, அப்பெண்ணின் கோப்பு தனியே எடுத்து வைக்கப்பட்டது. "விசாரணையில் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஊரில் அவளுடைய தாய் நோய்ப்படுக்கையில் கிடக்கிறாள். போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் மகள் இங்கே கண்ணீர் வடிக்கிறாள்.

தம்பி செய்தது தவறு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1959/63 ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 15 ஆவது பிரிவின்படி, அனுமதித்த காலம் கடந்து தங்குவது குற்றம். 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இக்குற்றம் தங்கியவனுடையது. உறவினர் என்ற ஒரே காரணத்துக்காக அக்காளோ அத்தானோ இந்தப் பிரிவின் கீழ்க் குற்றவாளி ஆவதில்லை.

பின் எந்த வழியாக அவன் குற்றம் குடும்பத்தின் மீது ஏறுகிறது? நாம் பார்த்தவரை நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, கையொப்பம். ஒருவருடைய பாஸுக்கு நாம் பொறுப்பாளராகக் கையொப்பமிட்டால், அவர் ஒழுங்காக இருந்து ஒழுங்காகத் திரும்புவார் என்று அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுக்கிறோம். அவர் வாக்கை மீறினால் மீறப்பட்டது நம் வாக்கும்தான். பிறகு நம் மனைவிக்காகவோ மருமகனுக்காகவோ அதே பேனாவை எடுக்கும்போது, முன்பு போட்ட கையொப்பத்தை அதிகாரி நினைவுபடுத்துவார்.

இரண்டாவது, கூரை. சட்டத்தை மீறியவர் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தும், ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது 56 ஆவது பிரிவின்படி குற்றம். அபராதம் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை. சிறைத் தண்டனையும் உண்டு. "சொந்த மைத்துனன், எப்படி வெளியே தள்ளுவது?" என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் பதில் இல்லை.

மூன்றாவது, கூலி. செல்லத்தக்க பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், முதலாளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. நம்மில் சிலர் சிறு கடை நடத்துகிறோம், குத்தகைக்கு வேலை எடுக்கிறோம். உறவுக்காரப் பையன்தானே என்று கைக்கு உதவியாக வைத்துக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் நாமும் முதலாளிகளே.

நான்காவது, பொய். இதுவே மிகவும் கொடியது. பொய்ச் செய்தி கூறித் தனக்கோ பிறருக்கோ பாஸ் பெற முயல்வது தனிக் குற்றம். அது ஒருபுறம் இருக்க, ஒரு பொய் வெளிப்பட்டுவிட்டால் நாம் பிறகு சொல்லும் நூறு உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. மேலே சொன்ன குடும்பத்தை வாட்டுவது தம்பி தங்கிய ஏழு மாதமா, கணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமா? இரண்டாவதே என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வளவும் நம் பக்கத்துப் பிழைகள். இனி, அரசாங்கத்தை நோக்கியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

குடிநுழைவுச் சட்டத்தின் 8 ஆவது பிரிவு, நாட்டுக்குள் வரத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலைத் தருகிறது. அதில், தடை செய்யப்பட்ட ஒருவரின் குடும்பத்தினரும் அவரைச் சார்ந்திருப்போரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பிரஜைகளாகிய நம்மை இது வெளியேற்றாது. பிரஜையை நாடு கடத்தலாகாது என்று அரசியல் சட்டத்தின் 9 ஆவது விதி காவல் நிற்கிறது. ஆனால் நாம் கட்டிய மனைவிக்கும், நம் பெண்ணைக் கட்டிய மருமகனுக்கும் அந்தக் காவல் இல்லை. அதே சட்டத்தின் 59 ஆவது பிரிவு, உத்தரவுக்கு முன் தம் தரப்பைச் சொல்லும் உரிமையைக் கொடுப்பதில்லை. 59ஏ பிரிவோ, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற கேள்வியைத் தவிர வேறெதற்கும் நீதிமன்றம் போக வழிவிடவில்லை.

குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கொடுங்கள், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கையொப்பமிடாத, அடைக்கலம் கொடுக்காத, பொய் சொல்லாத ஒரு பெண்ணின் மனு, உடன்பிறந்தவன் பிழைக்காக ஏன் தூங்க வேண்டும்? மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நிறுத்தி வைக்கப்பட்டால் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் கோப்பும் அவரவர் செய்கையைக் கொண்டே தீர்க்கப்பட வேண்டும். இம்மூன்றும் சலுகை அல்ல, நியாயம்.

இதை நாம் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு கடிதத் துண்டு இல்லாமல் குடும்பம் இரண்டாகப் பிளந்த வரலாறு நம் தோட்டங்களுக்கு உண்டு. 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து, ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த தாராளப் போக்குவரத்தை அடைத்தது. 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, பிரஜையல்லாதார் வேலை பெர்மிட் இல்லாமல் மரம் வெட்ட முடியாது என்றாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டோடு பெரட்டில் நின்ற எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். பிள்ளை இங்கே, பெற்றவர் அங்கே என்று ஆன வீடுகளைப் பெரியவர்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள். தாள் விஷயத்தில் அசட்டையாக இருக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆகவே, தோழர்களுக்கு நாம் வற்புறுத்துவது இதுதான்.

விருந்தாளி வந்தால் வரவேற்போம். வந்த அன்றே அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி, முடியும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்போம். திரும்பும் டிக்கெட்டைக் கண்ணால் பார்ப்போம். நோய், விபத்து என்று மெய்யாகவே தங்க நேர்ந்தால், தேதி முடியுமுன் மருத்துவர் கடிதத்தோடு குடிநுழைவு இலாகாவுக்குப் போவோம். அதற்கென்று ஸ்பெஷல் பாஸ் உண்டு.

தேதி முன்பே கடந்துவிட்டதா? ஒளிக்க வேண்டாம், முகவர்களிடம் பணத்தையும் கொட்ட வேண்டாம். தாமாகவே ஊர் திரும்ப அரசாங்கம் அவ்வப்போது வழி திறக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 700 வெள்ளி கட்டியும், 2024 மார்ச் 1 முதல் அவ்வாண்டு இறுதி வரை 500 வெள்ளி கட்டியும், வழக்கின்றி ஊர் திரும்ப இடம் கொடுத்தார்கள். 2025 மே மாதத்தில் மறுபடியும் ஒரு திட்டம் தொடங்கியது. இத்தகைய வழி திறந்திருக்கும்போது "இன்னும் ஒரு மாதம் சம்பாதித்துக்கொள்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், அக்காளின் வாழ்வைப் பணயம் வைக்கிறான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் யாருக்காவது மனு நடந்துகொண்டிருந்தால், வேறெவருக்கும் பொறுப்புக் கையொப்பம் இடுமுன் பத்து முறை யோசியுங்கள். கேள்வி கேட்கப்பட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனு எழுத வரும் தொழிலாளியிடம் "உங்கள் வீட்டு முகவரியை வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தைக் காக்கலாம்.

உறவு பெரியது. அந்த உறவைச் சொல்லி நம் வீட்டுப் பெண்ணை நாடற்றவளைப் போலத் தவிக்க வைப்பவன் உறவை மதித்தவனாக மாட்டான். அவனைத் தக்க நாளில் கப்பலோ விமானமோ ஏற்றி அனுப்புவதுதான் உண்மையான உபசாரம். தோழர்களே, சிந்திப்பீர்களாக!