பிள்ளை பெற்றவளுக்கு ஹால் டிக்கெட் இல்லை

2024 பிப்ரவரியில் நம் டைம்லைன் முழுக்க ஒரே செய்தி. ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாவது நாள் சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதித் தேர்ச்சியும் பெற்றுவிட்டார். முதலமைச்சர் வாழ்த்தினார். நாம் ஸ்டேட்டஸ் வைத்தோம். அவருடைய உழைப்புக்கு எவ்வளவு கைதட்டினாலும் தகும். எனக்குக் கைதட்டிய நம் மேல்தான் கோபம். பச்சை உடம்புக்காரி மலையிறங்கிப் போய்ப் பரீட்சை எழுதியே ஆகணும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அதை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை?

2018-லும் இப்படித்தான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதிய ஆப்கானிஸ்தான் பெண்ணின் படத்தை உலகமே பகிர்ந்தது. இந்தப் படங்களில் ஒரு வசதி இருக்கிறது. பார்த்ததும் கண் கலங்கும், மனசு நிறையும், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். எழுத முடியாமல் வீட்டோடு நின்றுபோனவளுக்கு யாரும் போட்டோ எடுப்பதில்லை. பத்து பேர் விழுந்த பள்ளத்தை ஒருத்தி தாண்டினால் அவளுக்கு மாலை போடுகிறோம். பள்ளத்தை மூடுவது யார் வேலை?

பள்ளத்தின் ஆழத்தைக் கணக்கு போட்டே சொல்லிவிடலாம். நம் பொறியியல் கல்லூரிகளில் பரீட்சை எழுத 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 நாள் வரை வராமல் இருக்கலாம். மருத்துவச் சான்றிதழ் கொடுத்துக் கெஞ்சினால் 65 சதவீதம் வரை விடுவார்கள். அப்போது 31 நாள். இந்த 31 நாளுக்குள் வலி எடுத்து, பெற்று, தையல் ஆறி, பால் கொடுத்துப் பழகி, திரும்பவும் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். இதே நாட்டில், வேலைக்குப் போகிற பெண்ணுக்குச் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். 2017 திருத்தத்தில் வந்தது. என் டீமில் ஒரு பெண் 26 வாரம் விடுப்பில் போனால் ஹெச்ஆர் வாழ்த்து மெயில் அனுப்புகிறது. அவளே மூன்று வருடம் முன்னால், கல்லூரியில் இருந்தபோது பெற்றிருந்தால்? ‘ஷார்ட்டேஜ்’ பட்டியலில் பெயர் ஒட்டியிருப்பார்கள். உடம்பு ஒன்றுதான். ஒரு இடத்தில் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது, இன்னொரு இடத்தில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம். திரும்பி வரும்போது தோழிகள் ஒருத்தியும் இருக்க மாட்டாள். நடுவில் ரெகுலேஷன் மாறியிருந்தால் பாடத்திட்டமும் வேறாக இருக்கும். ஒரு வருடம் வீட்டில் இருந்த பெண்ணை மறுபடியும் கல்லூரிக்கு அனுப்ப எத்தனை குடும்பங்கள் தயார் என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டத்துக்கு இது தெரியாது என்று சொல்லவும் முடியாது. ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு தரலாம் என்று யுஜிசி 2016-லேயே விதி வகுத்தது. பி.டெக் மாணவி ஒருவர் வழக்குப் போட்டதில், 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இளநிலை மாணவிகளுக்கும் விதி வகுக்கச் சொன்னது. அதே வருடம் டிசம்பரில் யுஜிசி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியது: இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் வருகைப்பதிவில் தளர்வு கொடுங்கள், தேர்வு விண்ணப்பத்துக்குக் கூடுதல் நாள் கொடுங்கள் என்று. 2023-ல் ஒரு எம்.எட் மாணவியின் வழக்கில், படிப்பா பிள்ளையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். கேரளத்தின் பல்கலைக்கழகங்கள் மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பை அறிவித்தன. வழி தெரியும். ஆனால் கைக்குழந்தையோடு கோர்ட்டுக்குப் போகிற மாணவிக்கு மட்டும் திறக்கிற வழிக்குப் பெயர் உரிமையா?

எதிர்வாதங்கள் எனக்குப் பாடம். முதலாவது: ‘படிக்கிற வயசுல யாரு கல்யாணம் பண்ணிக்கச் சொன்னா?’ அவளிடம் கேட்டா செய்தார்கள்? ஃபைனல் இயரில் ஜாதகத்தை எடுத்தது யார்? ‘கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டும், எங்களுக்கு ஒண்ணும் இல்ல’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்குச் சாட்சியாக உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டது யார்? சரி, அவளே விரும்பித்தான் பண்ணிக்கொண்டாள் என்றே வையுங்கள். பதினெட்டு வயதானால் கல்யாணம் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்புறம் அதற்காகப் பரீட்சையில் தண்டனை கொடுக்கக் கல்லூரி யார்? அதே வகுப்பில் அப்பாவான பையனுக்கு ஒரு நாள் வருகைகூடக் குறையாது.

இரண்டாவது: ‘இதையே எல்லாரும் சாக்கா சொல்லுவாங்க.’ பத்து சதவீத அட்டெண்டன்ஸுக்காகப் பத்து மாதம் சுமக்கிறவளை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது: ‘தேர்வுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்.’ கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பரீட்சைக் கடிகாரம் ஒன்றும் கடவுள் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறோம், தர வேண்டியதுதான். தரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். மூன்று மணி நேரப் பரீட்சை, அதற்கு அரை மணி முன்னால் உள்ளே போகணும், போக வர நேரம். வெளியே வேப்பமரத்தடியில் பாட்டி கையில் குழந்தை கத்துகிறது. உள்ளே இவளுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிறது. அதோடு லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் போடச் சொல்கிறோம். இதுவா ஒரே மாதிரி?

2007-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சோஃபி கரியர் என்ற மருத்துவ மாணவி இதைத்தான் கேட்டார். 9 மணி நேரத் தேர்வில் இடைவேளை 45 நிமிடம். பால் எடுத்துவைக்க இன்னும் 60 நிமிடம் வேண்டும் என்றார். தேர்வு வாரியம் மறுத்தது, நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. அவர் கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லவில்லை, மார்க் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கேட்டார்.

எங்கள் வேலையில் ‘ஆன்-கால்’ என்று ஒன்று உண்டு. சர்வர் விழுந்தால் ராத்திரி மூன்று மணிக்கும் எழுந்திருக்கணும். ஒரு வாரம் அப்படி இருந்தால் அடுத்த வாரம் வேறொருவர் பார்ப்பார். தூக்கம் கெட்டவனிடம் முக்கியமான வேலையைத் தர மாட்டார்கள். புதுத் தாய்க்கு ஆன்-கால் மாதக்கணக்கில், மாற்று ஆள் இல்லாமல். அவளிடம்தான் யூனிட் ஐந்தையும் படித்துவிட்டு வா என்கிறோம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிரசவத்துக்காக வராத நாட்களை வருகைப்பதிவுக் கணக்கிலிருந்து கழியுங்கள். தவறிய தேர்வை அடுத்த செமஸ்டர் வரை இழுக்காமல் சில வாரங்களில் எழுத விடுங்கள். அதை அரியர் என்று பதியாதீர்கள். தேர்வு மையத்தில் பால் கொடுக்க ஒரு அறையும், அந்த நேரத்துக்கு ஈடான நேரமும் கொடுங்கள். முதல்வரின் இரக்கத்துக்கு விடாமல் இதையெல்லாம் ரெகுலேஷனில் எழுதுங்கள்.

அடுத்த ‘சாதனைப் பெண்’ செய்தி சீக்கிரமே வரும். ஷேர் பண்ணுங்கள், தப்பில்லை. கூடவே உங்கள் கல்லூரியின் வருகைப்பதிவு விதியைத் தேடி எடுத்து, அதில் ‘மகப்பேறு’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஷேர் பண்ணுங்கள்.