காணாச் சுவர்

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது ‘அருச்சுனன் தபசு’ என்னும் கூத்து நடைபெறுகிறது. பாசுபதக் கணையை வேண்டித் தவம் செய்யச் செல்லும் அருச்சுனனாக வேடம் புனைந்தவர், பாடிக்கொண்டே நெடிய மரத்தின் உச்சிக்கு ஏறுகிறார். அங்கிருந்து எலுமிச்சங்கனிகளையும் மலர்களையும் வீசுகிறார். மகப்பேறு வேண்டும் மகளிர் மடியேந்தி அவற்றைப் பெறுகின்றனர். மரத்தின்மேல் இருப்பவர் அருச்சுனனா, ஊரார் அறிந்த கூத்தரா என்னும் வினா அங்கே எழுவதில்லை. ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே எல்லை ஏதும் இல்லை.

அத்தகைய எல்லை வேண்டும் என்று கருதியோரும் உளர். பிரெஞ்சு அறிஞர் திதெரோ 1758ஆம் ஆண்டில் நாடகக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். மேடையின் விளிம்பில் ஒரு பெருஞ்சுவர் நிற்பதாக நடிகர் எண்ணிக்கொள்ள வேண்டும். அவையோரை மறந்து, திரையே விலகாததுபோல நடிக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. மேடைக்குப் பின்புறமும் இருபக்கமும் சுவர்கள் மூன்று உண்டு. ஆதலின், கண்ணுக்குப் புலனாகாத இச்சுவர் பிற்காலத்தில் ‘நான்காம் சுவர்’ எனப் பெயர் பெற்றது.

இச்சுவரால் விளைந்த நன்மை சிறிதன்று. அந்நாளில் பாரிசு நகரின் பேரரங்கில் செல்வர் சிலர் மேடைமீதே அமர்ந்து நாடகம் கண்டனர். அவ்விருக்கைகள் அகற்றப்பட்டது 1759ஆம் ஆண்டில்தான்! அத்தகைய ஆரவாரத்திடையே ஓர் இல்லத்தின் துயரை மெல்லிய குரலில் நடித்துக் காட்டுவது எங்ஙனம்?

எனினும், ஒரு நாட்டில் பயன் தந்த முறையையே எல்லாக் கலைக்கும் அளவுகோலாகக் கொள்வது பிழை. அவ்வளவுகோலால் அளந்தே, கற்றோர் பலர் தெருக்கூத்தைப் பண்படாத கலை என ஒதுக்கினர். கட்டியங்காரன் அரசனின் வருகையை அவைக்கு அறிவிக்கிறான். அடுத்த நொடியே அவனை எள்ளி நகையாடுகிறான். ஊர்ச் செய்தியையும் இடையே நுழைக்கிறான். இது சுவரை அறியாமையால் நேர்ந்த குறையன்று. விடியும்வரை மக்களைக் கதைக்குள் இருத்தும் திறன் இது. செர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட் இருபதாம் நூற்றாண்டில் அச்சுவரைத் தகர்த்தபோது உலகம் புதுமை எனப் போற்றியது. கட்டியங்காரன் செய்தால் மட்டும் அது நாகரிகக் குறைவாம்!

துகிலுரியும் காட்சியில், துச்சாதனனாக வேடம் பூண்டவர் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்துகிறார். கற்பூரம் ஏற்றப்படுகிறது. பிழை பொறுக்குமாறு அவர் அம்மனை வேண்டுகிறார். வேடத்தைவிட்டு வெளியே வந்தால் கதையின் மெய்ம்மை கெடாதோ என்று ஐயுறலாம். கெடுவதில்லை. நடிப்பவரே நடுங்குவதைக் கண்ட அவையோர், இனி நிகழவிருப்பது எத்துணைக் கொடுமை என்பதை உணர்ந்து அமைதியாகின்றனர். வேண்டுதல் முடிகிறது. மத்தளம் மீண்டும் ஒலிக்கிறது. துச்சாதனன் சேலையின்மேல் கை வைக்கிறான்.