பிள்ளைக்கு ஒத்துப்போகும் மருந்தும் பெற்றோருக்குக் கிடைக்காத நேரமும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நம் பகுதியின் பெயர் நாடு முழுவதும் செய்திகளில் அடிபட்டது. இம்முறை கார் ஏற்றுமதிக்காகவோ புதிய தொழிற்சாலைக்காகவோ அல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதிக் குழந்தைகள், சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தனர். அந்த மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள் கலந்திருந்தது தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரியவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள் போன பிறகு, அக்டோபர் 13 அன்று அந்நிறுவனத்தின் உரிமம் ரத்து செய்யப்பட்டது.

இச்செய்தியைக் கேட்ட பெற்றோர், பிள்ளைக்கு எந்த மருந்தைக் கொடுக்கவும் தயங்குவது இயல்பே. ஆனால் இந்த அச்சம், மருந்து உண்மையிலேயே தேவைப்படும் சில பிள்ளைகளின் வழியையும் அடைத்துவிடக்கூடும். அவர்களுள் ஒரு பிரிவினரைக் குறித்து இன்று சிந்திப்போம். அவர்கள்தான் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள்.

சேட்டை அல்ல, குறைபாடு

ஓரிடத்தில் உட்கார முடியாமை, சொன்னதை முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவுதல், பென்சிலையும் நோட்டையும் நாள்தோறும் தொலைத்தல், வரிசையில் காத்திருக்க முடியாமை. எல்லாப் பிள்ளைகளிடமும் இவை ஓரளவு உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கும் மேலாக, வீட்டில் மட்டுமன்றிப் பள்ளியிலும் இவை தொடர்ந்து, பிள்ளையின் படிப்பையும் நட்பையும் கெடுக்கும்போதுதான் மருத்துவர்கள் இதைக் குறைபாடாகக் கருதுகின்றனர். இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டும், பிள்ளையை நேரில் பார்த்துமே முடிவு செய்ய வேண்டும். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது உண்டு என மதிப்பிடப்படுகிறது. அப்படியானால் நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பிலும் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். பெரும்பாலும் அவர்கள்தான் 'வால்' என்ற பட்டத்தோடு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறவர்கள்.

எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்ட வயதில், பாதிப்பு கடுமையாக இருந்தால் மருந்து பெரிதும் உதவுகிறது.

பூட்டிய அலமாரியில் ஒரு மாத்திரை

இதற்கு அதிகம் பயன்படும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டு, 1950-களில் 'ரிட்டலின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எழுபது ஆண்டுக்கால அனுபவம் உள்ள மருந்து இது. இந்தியாவில் இது 'எக்ஸ்' அட்டவணையில் உள்ளது. மருத்துவர் சீட்டை இரண்டு படிகளாக எழுதித் தரவேண்டும். அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். தனி உரிமம் பெற்ற கடைகளே இதை விற்க முடியும். தவறான பயன்பாட்டைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு.

இருமல் மருந்தைச் சீட்டு இல்லாமலே வாங்கிப் பழகிய நாம், இவ்வளவு காவல் உள்ள மாத்திரையைக் கண்டால் 'இது போதை மருந்தோ?' என்று அஞ்சுகிறோம். காவல் இருப்பதால் மட்டும் ஒரு மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று பொருள் இல்லை. எளிதாகக் கிடைப்பதால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றது என்றும் பொருள் இல்லை. சுங்குவார்சத்திரம் நமக்குக் கற்றுத் தந்த கசப்பான பாடம் இது.

ஒரே மருந்து, வெவ்வேறு உடல்

இம்மருந்தால் பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், வயிற்றுவலியும் தலைவலியும் வரலாம். மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் காரணமின்றி அழுவார்கள், எரிந்து விழுவார்கள். சிலர் பொம்மைபோல் ஒடுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். ஆசிரியருக்கு அது நிம்மதியாகத் தோன்றலாம். ஆனால் அடங்கி உட்காருவது வெற்றி அல்ல. அளவு கூடிவிட்டது என்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. நீண்ட நேரம் வேலை செய்யும் இவ்வகை மருந்துகளால் ஆறு வயதுக்கு உட்பட்டோரின் எடை குறையக்கூடும் என்பதே அது.

இந்த விளைவுகளில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரம் ஒரு படியாக உயர்த்துவதே முறை. காலை உணவு முடிந்த பிறகு மாத்திரை கொடுத்தால் அந்த ஒரு வேளையாவது வயிறு நிறையும். மாலையில் பசி திரும்பும்போது நல்ல சாப்பாடு கொடுக்கலாம். தூக்கம் கெட்டால் மருத்துவர் நேரத்தை மாற்றுவார். எரிச்சல் அதிகமானால் மருந்தின் வகையை மாற்றுவார். எடையும் உயரமும் இரத்த அழுத்தமும் தவறாமல் பார்க்கப்பட வேண்டும். இதில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் நாமே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அப்படியும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அட்டமாக்சிட்டின் போன்ற வேறு வகை மருந்துகள் உண்டு. இது பலன் தருவதற்கு நான்கு வாரங்கள் முதல் ஆறு வாரங்கள் வரையும் சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். தொடக்கத்தில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரலாம். அரிதாக மனச்சோர்வான எண்ணங்கள் எழக்கூடும் என்பதால் பிள்ளையின் பேச்சைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். சிலரது கல்லீரல் இதை மிக மெதுவாகவே சிதைக்கிறது. மற்றவர்களுக்கு அளவான அதே மாத்திரை அவர்களுக்கு அதிகமாகிவிடும். 'என் பிள்ளைக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளாது' என்று தாய் சொல்வது வெறும் கற்பனையாக இராது. உடலிலேயே அதற்குக் காரணம் இருக்கலாம். அதனால்தான் இம்மருந்தில் அவசரம் ஆகாது.

579 பிள்ளைகள் சொன்ன பாடம்

1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 579 பிள்ளைகள் 14 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அளவு படிப்படியாகச் சரிசெய்யப்பட்டு, மாதந்தோறும் மருத்துவர் சந்தித்து, ஆசிரியரின் கருத்தையும் கேட்டு மருந்து தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் தங்கள் ஊரின் வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர். இவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மருந்து உட்கொண்டார்கள். ஆயினும் முதல் பிரிவினரே தெளிவாக முன்னேறினர். உன்னிப்பான அந்தக் கண்காணிப்பு 14 மாதங்களோடு முடிந்தது; மூன்றாம் ஆண்டில் பிரிவுகளுக்கு இடையேயான வேறுபாடு மறைந்துவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரு பிரிவிலும் மாத்திரை இருந்தது. ஆனால் ஒரு பிரிவில்தான் அந்த மாத்திரையோடு சேர்த்து நேரமும் கவனமும் தொடர்ந்து கிடைத்தன.

நம் பகுதியில் இல்லாதது எது?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் இந்தத் தொழிற்பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சொந்த ஊர் தெற்கே எங்கோ. வாடகை வீடு. தாத்தா பாட்டி உடன் இல்லை. தந்தை இந்த வாரம் முதல் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு ஷிப்ட். தாய்க்கும் வேலை உண்டு. காலை ஏழு மணிக்கு மாத்திரை கொடுப்பது ஒருவர், மாலையில் அழுகையைப் பார்ப்பது வேறொருவர், இரவில் தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பது மற்றொருவர். மருத்துவர் 'பிள்ளை எப்படி இருக்கிறான்?' என்று கேட்டால், முழுப் பதிலும் யாரிடமும் இல்லை.

அந்த மருத்துவரைப் பார்ப்பதற்கும் ஒரு நாள் சம்பளம் போக வேண்டும். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை ஒரு பக்கம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் செல்லவேண்டிய முட்டுக்காடு தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் மறுபக்கம். ஒரு முறை போகலாம். அளவைச் சரிசெய்ய மாதம் ஒரு முறை போக ஒப்பந்தத் தொழிலாளியால் முடியுமா? முடியாதபோது, இரண்டாம் வாரத்தில் பிள்ளை சாப்பிடவில்லை என்று மாத்திரை நிறுத்தப்படுகிறது. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்ற முடிவும் எழுதப்படுகிறது. உண்மையில் அம்மருந்துக்கு உரிய வாய்ப்பே தரப்படவில்லை.

2023 ஏப்ரல் மாதத்தில், 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அன்று ஊதியம் பற்றியும் உடல் களைப்பு பற்றியும் அதிகம் பேசினோம். பிள்ளைகளைக் கவனிக்கும் நேரமும் அந்த மணிக்கணக்கில்தான் அடங்கியிருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

சட்டத்திலும் ஓர் இடைவெளி உள்ளது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பள்ளிகளில் கண்டறியவேண்டிய பாதிப்புகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யையும் சேர்த்தது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளன, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. கண்டுபிடிக்கச் சொல்கிறது ஒரு திட்டம். கண்டுபிடித்த பின் கைகொடுக்கத் தயங்குகிறது சட்டம்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளலாம். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பாடு, தூக்கம், மாலையில் மனநிலை என நான்கு வரி போதும். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் எழுதட்டும். ஷிப்ட் மாறினாலும் நோட்டு மாறாது. மருத்துவருக்கும் அதைவிடப் பயனுள்ள சான்று வேறில்லை.

ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை இரண்டு வரி எழுதித் தரலாம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பள்ளியிலேயே காலை உணவு உண்ணும் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டான் என்பதை ஆசிரியரால் எளிதில் சொல்ல முடியும்.

பங்கு மக்களும் உதவலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அண்டை வீட்டார் இளைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி. 'வளர்ப்பு சரியில்லை', 'இந்த வயசில மாத்திரையா?' என்ற பேச்சை நிறுத்துவது அதைவிடப் பெரிய உதவி. நிறுவனங்களின் மேலாளராக நம்மில் சிலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொடுப்பது அவர்கள் கையில் உள்ளது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்கும் மருத்துவ உதவி உண்டு என்பதை எடுத்துச் சொல்லலாம். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அழைத்துப் பேசலாம்.

அன்பு நெஞ்சங்களே, கலப்பட மருந்து பிள்ளைகளைக் கொன்றபோது நாம் கோபப்பட்டோம். அது நியாயமான கோபம். நல்ல மருந்து இருந்தும், அதைப் பொறுமையாகப் பொருத்திப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லாததால் ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் அடியும் வசவும் வாங்கி, இறுதியில் பள்ளியை விட்டே போகிறதென்றால், அதற்காகவும் நாம் வருந்த வேண்டாமா? நம் மறைக்கல்வி வகுப்பில் வெளியே நிற்கும் பிள்ளையை அடுத்த ஞாயிறு உள்ளே அழைப்போம். அவன் பெற்றோரிடம் குறை சொல்வதற்கு முன், 'அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு எப்போது போகிறீர்கள்? நாங்கள் என்ன செய்யட்டும்?' என்று கேட்போம்.