கல் துறையும் கைவிட்ட சாலையும்

ஓர் ஊரை ஊராக்குவது எது? அதன் மண்ணா, மதிலா, மக்களா? மூன்றும் வேண்டற்பாலனவே. ஆயினும், அவ்வூருக்கு வந்து சேரும் வழிகளே அதன் வாழ்வையும் தாழ்வையும் பெரிதும் வகுக்கின்றன என்பது நம் எண்ணம். இதற்கு இங்கிலாந்திலுள்ள ஸ்ரம்போர்ட் என்னும் சந்தைப் பட்டினத்தைச் சான்றாகக் காட்டுவோம்.

லிங்கன்ஷயர்ப் பகுதியின் தென்கோடியில், வெலண்ட் ஆற்றங்கரையில் அமைந்தது இவ்வூர். 'கல் துறை' என்பது அதன் பெயரின் பொருள். ஆற்றைக் கடத்தற்கேற்ற துறை இருந்தமையால் வழி பிறந்தது. வழி பிறந்தமையால் சந்தை பிறந்தது. டேனியர் ஆண்ட காலத்தில் ஐந்து அரண் நகர்களுள் ஒன்றாக இஃது எண்ணப்பட்டது. ஏனைய நான்கும் பிற்காலத்தில் தத்தம் பகுதிகளின் தலைநகர்களாயின. ஸ்ரம்போர்ட்டுக்கோ அப்பேறு கிட்டவில்லை. எனினும், மத்திய காலத்தில் ஆட்டு மயிரும் கம்பளித் துணியும் அதற்குச் செல்வம் ஈட்டின. ஆட்டுச் சந்தையின் பெயரையும், இரும்பு வணிகரின் பெயரையும் அதன் தெருக்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

மாணவர்கள் அறிந்து சுவைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1333ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் எழுந்த பூசலால் ஆசிரியரும் மாணவருமாக ஒரு கூட்டத்தினர் ஸ்ரம்போர்ட்டுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பாடஞ் சொல்லத் தொடங்கினர். ஒக்ஸ்போர்ட் அரசனிடம் முறையிட்டது. மூன்றாம் எட்வேர்ட் மன்னன் அவர்களைக் கலைந்து போகுமாறு ஆணையிட, 1335ஆம் ஆண்டளவில் அம்முயற்சி முடிவுற்றது. அதன் பின்னரும் ஒக்ஸ்போர்ட்டின் அச்சம் தீரவில்லை. அங்கு முதுமாணிப் பட்டம் பெறுவோர் ஸ்ரம்போர்ட்டில் விரிவுரை ஆற்றுவதில்லை எனச் சத்தியஞ் செய்யவேண்டுமென்ற விதி 1827ஆம் ஆண்டுவரை இருந்தது. ஒரு சிறு சந்தைப் பட்டினத்துக்கு இதனினும் பெரிய புகழ்மாலை வேறு யாது?

சர்வகலாசாலை போயிற்று, சாலை இருந்தது. லண்டனிலிருந்து வடக்கே யோர்க், எடின்பரோ நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை இவ்வூரின் ஊடாகவே சென்றது. குதிரை வண்டிகள் இங்கே தங்கிக் குதிரை மாற்றின. ஜோர்ஜ் விடுதியின் பெயர்ப்பலகையைத் தாங்கும் மரச்சட்டம் தெருவின் குறுக்கே இன்றும் நிற்கின்றது. அவ்விடுதியின் முன்னறைகள் இரண்டுக்கு லண்டன், யோர்க் என்றே பெயர். எத்திசைப் பயணியர் எவ்வறையிற் காத்திருந்தனர் என்பதை அவை சொல்லாமற் சொல்கின்றன. அக்காலச் செல்வத்தாலெழுந்த சுண்ணக்கல் மாளிகைகள் தெருவெங்கும் அணி செய்தன.

பின்னர் வந்தது புகையிரதம். 1848ஆம் ஆண்டில் ஸ்ரம்போர்ட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ஆனால், 1852ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வடக்குப் பிரதான பாதை அயலிலுள்ள பீற்றர்பரோ வழியாகச் சென்றுவிட்டது. பேர்லி மாளிகைப் பிரபுவே அதனைத் தடுத்தார் என்று கூறுவாருளர், அதனை மறுப்பாருமுளர். பீற்றர்பரோ ஆலைகளுடன் வளர்ந்தது. ஸ்ரம்போர்ட்டில் குதிரைக் குளம்பொலி அடங்கியது.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டும். பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டும் தேவையும் பொருளும் குறைந்தமையால், அவ்வூரின் கல் மாளிகைகள் பிழைத்தன. 1960ஆம் ஆண்டிற் புறவழிச் சாலை திறக்கப்பட்டதும் வாகன நெருக்கடியும் விலகியது. 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாவது பாதுகாப்புப் பிரதேசமாக அதன் நடுப்பகுதி அறிவிக்கப்பட்டது. ஜோர்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலைப் பிபிசி நிறுவனம் தொலைக்காட்சித் தொடராக்கி 1994ஆம் ஆண்டில் ஒளிபரப்பியபோது, கதையில் வரும் பட்டினமாக நடித்தது இவ்வூரே.

ஆகவே, தேக்கம் நன்று என்று சொல்லலாமா? சொல்லலாகாது. தொழிலின்றி வாடிய ஒரு தலைமுறைக்குக் கல் மாளிகையின் அழகு சோறிடாது. முன்பு தற்செயலாகக் காக்கப்பட்டதைப் பின்வந்தோர் அறிந்து, சட்டமியற்றிக் காத்தனரே, அதுவே போற்றத்தக்கது. வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் அங்கே கூடுகின்றது. எவ்வூரின் சரித்திரத்தைப் படிப்பினும், மாணவர்கள் அரசர் பெயர்களுடன் நின்றுவிடாது, அவ்வூருக்கு எந்த வழி வந்தது, எந்த வழி விலகியது என்றும் கேட்பார்களாக.