பள்ளிக்கூடத்தில் மத நூல் படிக்கலாமா?

கீதை, பைபிள், குர்ஆன் போன்ற மத நூல்களை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் நம் காதில் அடிக்கடி விழுகின்றன.

"கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாமி பயம் இல்லாததால்தான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்பார் ஒருவர்.

"கூடவே கூடாது. மதத்தின் நிழல்கூடப் பள்ளிக்கூடத்தில் விழக்கூடாது" என்பார் மற்றொருவர்.

இருவருமே பிள்ளைகளின் நன்மையை நினைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால், இருவரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. மத நூலைப் பாடமாகப் படிப்பது வேறு. அதையே வழிபாடாக ஓதுவது வேறு.

பாடமாகப் படிப்பது பள்ளிக்கூடத்தில் தாராளமாக நடக்கலாம். வழிபாட்டுக்கு வீடு இருக்கிறது, கோவில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, மாதா கோவில் இருக்கிறது. இதுவே என் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் அரசியல் சட்டம் 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன் 28-வது பிரிவு இந்த விஷயத்தைப் பற்றியதே.

முழுக்க முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் மத போதனை கூடாது என்கிறது அந்தப் பிரிவு.

அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களும், அரசாங்க அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடங்களும் உண்டு. அங்கே மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. சிறு பிள்ளையாக இருந்தால், பெற்றோரின் சம்மதம் வேண்டும். இதுவும் அதே பிரிவில் இருக்கிறது. கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் இந்துப் பெற்றோரும் சரி, இந்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முஸ்லிம் பெற்றோரும் சரி, இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால், மதம் என்ற சொல்லையே வகுப்பில் உச்சரிக்கக்கூடாதா?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2002-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பல மதங்களைப் பற்றி மாணவர்களுக்கு அறிவு கொடுப்பது வேறு. மத போதனை வேறு. மதங்களைப் பற்றிய அறிவைச் சட்டம் தடுக்கவில்லை என்று கோர்ட்டு கூறியது.

தகராறு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 2022-ஆம் ஆண்டு குஜராத் அரசாங்கம், 6 முதல் 12 வரை உள்ள வகுப்புகளில் கீதையைச் சேர்ப்பதாக அறிவித்தது. கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே பேச்சுத்தான். 2024-ஆம் ஆண்டு லூசியானா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. பைபிளில் உள்ள பத்துக் கட்டளைகளை அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் ஒவ்வொரு வகுப்பறையிலும் மாட்ட வேண்டும் என்பது அந்தச் சட்டம். உடனே வழக்கும் வந்தது.

அமெரிக்காவுக்கு இது பழைய அனுபவம். அங்கே நடந்ததை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தப் பைபிள்?

பிலடெல்பியா என்பது அமெரிக்காவில் ஒரு பெரிய நகரம். அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பைபிள் வாசிப்பது வழக்கமாக இருந்தது. எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே, இதில் என்ன சண்டை வரப்போகிறது என்று தோன்றும்.

ஆனால் சண்டை வந்தது! புராட்டஸ்டண்டுகளின் பைபிள் வேறு மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர்களின் பைபிள் வேறு மொழிபெயர்ப்பு. "எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளைப் படிக்கட்டும்" என்று கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். பேச்சு முற்றியது. 1844-ஆம் ஆண்டு பெரிய கலவரம் மூண்டது. பலர் மாண்டார்கள். இரண்டு கத்தோலிக்கக் கோவில்கள் தீக்கிரையாயின.

ஒரே மதம். ஒரே வேதம். மொழிபெயர்ப்பு மட்டுமே வேறு. அதற்கே இந்தக் கதி! பல மதங்கள் கூடி வாழும் நம் நாட்டில், அரசாங்கமே ஒரு நூலை எடுத்து "இதை எல்லோரும் பக்தியோடு ஓதுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்?

வெளியே நின்ற பிள்ளை

அதே பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊர் இருக்கிறது. தினமும் பள்ளிக்கூடம் தொடங்கும்போது பைபிளிலிருந்து பத்து வசனங்களாவது வாசிக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது. வாசிப்பு முடிந்ததும் ஜெபம்.

1956-ஆம் ஆண்டு எல்லரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவன் இதற்கு ஓர் எதிர்ப்புக் காட்டினான். கூச்சல் போடவில்லை. ஒரு குர்ஆனைக் கொண்டுபோய், பைபிள் வாசிக்கும் நேரத்தில் தனக்குள் படித்துக்கொண்டிருந்தான். ஜெபத்துக்கு எழுந்து நிற்கவில்லை. அவனைத் தலைமை ஆசிரியரிடம் அனுப்பினார்கள். பிறகு அவன் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள்.

"வேண்டாதவர்கள் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே போகலாமே, இதில் என்ன கட்டாயம்?" என்று எதிர்த் தரப்பு வாதித்தது.

இதற்கு அந்த மாணவனின் தந்தை சொன்ன சாட்சியம் ஒவ்வொரு பெற்றோரும் நினைத்துப் பார்க்க வேண்டியது. "என் பிள்ளைகள் வெளியே போனால், மற்ற பிள்ளைகள் அவர்களை விசித்திரப் பிறவிகளாகப் பார்ப்பார்கள். வராந்தாவில் நிற்பது தண்டனை பெற்ற பிள்ளைதான் என்று எல்லோரும் நினைப்பார்கள்" என்ற கருத்தை அவர் கூறினார்.

1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந்தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒரே கருத்து. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வழிபாடாகப் பைபிள் வாசிக்கச் செய்வது செல்லாது என்றார்கள்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். பைபிளை இலக்கியமாகவும், சரித்திரமாகவும் படிப்பதற்குத் தடை இல்லை!

தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

இந்த வித்தியாசம் தமிழர்களுக்குப் புதிது அல்ல. நம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடப் புத்தகங்களே இதற்குச் சாட்சி.

கம்பராமாயணம் ராமனின் கதை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் கதை. வீரமாமுனிவரின் தேம்பாவணி, ஏசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் கதை. மணிமேகலை பௌத்த நூல். சீவக சிந்தாமணி சமண நூல். இவற்றின் பாட்டுகளை எல்லா மதத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படித்து வந்திருக்கிறார்கள்.

வாத்தியார் பாட்டைப் படிக்கிறார். பதம் பிரிக்கிறார். பொருள் சொல்கிறார். பரீட்சையில் கேள்வி வருகிறது. பிள்ளை பதில் எழுதுகிறது. "நீ இதை நம்புகிறாயா?" என்று யாரும் கேட்பதில்லை.

மதத்தின் நிழலே வேண்டாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இந்த நூல்களையெல்லாம் நீக்கிவிட்டால், தமிழில் பாதி போய்விடும்.

உ.வே. சாமிநாதய்யர் சைவ மடத்தில் தமிழ் படித்தவர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, முன்சீப்பாக வந்த சேலம் ராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். சாமிநாதய்யர் அந்த நூலைப் படித்தது கிடையாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கும்பகோணத்திலிருந்த சமணர்களின் வீட்டுக்குப் போனார். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ஆம் ஆண்டு அந்த நூலை அச்சிட்டு வெளியிட்டார். அவர் சமணராகிவிடவில்லை. தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது!

சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர் மு.மு. இஸ்மாயில். அவர் முஸ்லிம். கம்பராமாயணத்தில் அவர் பெரும் புலவர். கம்பனைப் படித்ததால் அவருடைய தொழுகைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பிறர் நூலைப் படித்தால் நம் மதம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஒழுக்கம் குறைந்துவிடாதா?

"பள்ளிக்கூடத்தில் வழிபாடு இல்லாவிட்டால் ஒழுக்கம் எங்கிருந்து வரும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கவலைதான்.

பொய் சொல்லாதே, திருடாதே, பெரியோரை மதி, பசித்தவனுக்குச் சோறு போடு என்பவை எல்லா மதத்துக்கும் பொது. இவற்றைச் சொல்லத் திருக்குறள் இருக்கிறது, ஆத்திசூடி இருக்கிறது. வாத்தியார் நேரத்துக்கு வருவதும், எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோல நடத்துவதும் அதைவிடப் பெரிய பாடம்.

பக்தியை ஊட்ட வேண்டியவர்கள் தாயும் தந்தையும். அந்தப் பொறுப்பை அரசாங்கத்தின் தலையில் கட்டினால், இன்று நமக்குப் பிடித்த நூல் வரலாம். நாளை பிடிக்காத நூலும் வரலாம். அப்போது நாம் எந்த முகத்தோடு எதிர்ப்பது?

பெற்றோர்களே, கேளுங்கள்!

ஆகவே, பாடப் புத்தகத்தில் மத நூல் ஒன்றைக் கண்டவுடன் கொதித்து எழவும் வேண்டாம்; குதித்து ஆடவும் வேண்டாம். உங்கள் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

வாத்தியார் பொருள் சொன்னாரா, கும்பிடச் சொன்னாரா?

சந்தேகம் கேட்க முடிந்ததா?

ஒரே மதத்தின் நூல் மட்டும் வருகிறதா, மற்றவர்களின் நூல்களும் வருகின்றனவா?

பொருள் சொன்னார், சந்தேகம் கேட்கலாம், எல்லார் நூலும் வருகிறது என்றால் நிம்மதியாக இருங்கள். அது கல்விதான். பதில் வேறு மாதிரி இருந்தால், பள்ளிக்கூடத்துக்குப் போய் மரியாதையோடு கேளுங்கள். அது உங்கள் சொந்த மதத்தின் நூலாக இருந்தாலும் கேளுங்கள்.

ஏனென்றால், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை வேறு மதத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்தப் பிள்ளையும் மற்றவர்களோடு ஒரே பெஞ்சில், தலை நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்காகத்தானே ஊருக்குப் பொதுவாகப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறோம்!