கலிமா சொன்னால் சரக்கும் ஹலாலாகிவிடுமா?

2022 அக்டோபரில் ஆண்ட்ரூ டேட் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாக அறிவித்தபோது, நம் இளைஞர்கள் பலர் அதைப் பெருவெற்றியாகக் கொண்டாடினர். ஒருவர் கலிமா மொழிவது மகிழ்ச்சிக்குரியதே. அவருடைய உள்ளத்தை அல்லாஹ் அறிவான். அதை அளக்கும் உரிமை நமக்கில்லை. நாம் கேட்பது வேறு. அவர் அதுவரை விற்றுவந்த சரக்கும் அன்றே கலிமா மொழிந்துவிட்டதா?

அந்தச் சரக்கு என்னவென்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. பெண் ஆணின் உடைமை, பணமும் காரும் உடற்கட்டும் உள்ளவனே ஆண் என்பதுதான் அதன் சாரம். இத்தகைய பேச்சுகளுக்காகவே 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் ஆகியவை அவரை நீக்கின. மாதச் சந்தா கட்டிச் சேரும் 'ஹஸ்லர்ஸ் யுனிவர்சிட்டி' ஒன்றை அவர் நடத்தினார். அவருடைய பேச்சுகளை வெட்டிப் பரப்பி, ஆள் சேர்த்துத் தந்தவர்களுக்குத் தரகுப் பணம் கிடைத்தது. ஆக, உங்கள் மகனின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது உபதேசமன்று, விளம்பரம். பெண்களைத் தம்மீது காதல்கொள்ளச் செய்து, பின்னர் வெப்கேம் முன் அமர்த்திச் சம்பாதிக்கும் முறையைத் தம் இணையதளத்திலேயே அவர் விளக்கியிருந்தார். ருமேனியாவில் அவர்மீது ஆட்கடத்தல், வன்புணர்வுக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன, அவர் மறுக்கிறார். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு அவரே எழுதிவைத்தது போதும்.

"ஆண்களே குடும்ப நிர்வாகிகள் என்று குர்ஆன் கூறவில்லையா?" என்று சகோதரர்கள் கேட்பார்கள். கூறுகிறது. ஆண் தன் பொருளைக் குடும்பத்துக்குச் செலவிடுவதை அதற்கொரு காரணமாக அதே வசனம் (4:34) சொல்கிறது. அது தோளில் ஏற்றப்பட்ட சுமை, சிம்மாசனமன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துவந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அதை எந்த ரீல்ஸிலும் காணோம்! பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வந்தது (24:30). நம் இணைய முஃப்திகளோ எப்போதும் 31ஆம் வசனத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலப்பொருளாக்கிய 'சுல்லி டீல்ஸ்' (2021 ஜூலை), 'புல்லி பாய்' (2022 ஜனவரி) செயலிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். காணாமற்போன மகனுக்காக நீதி கேட்டுவரும் ஒரு தாயின் படமும் அதில் இருந்தது. கைதானவர்களில் இருபது வயதையொட்டிய பொறியியல் மாணவர்களும் இருந்தனர். சமுதாயமே கொதித்தது, கொதித்தது நியாயம். ஆனால் அதில் மத வெறுப்பை மட்டுமே கண்டோம். பெண் என்பவள் ஏலத்துக்கு வைக்கத்தக்கவள் என்ற எண்ணமும் அதில் சரிபாதி. அந்தப் பாதி நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. முக்காடின்றிப் படம் இட்ட ஒரு சகோதரியின் பதிவுக்குக் கீழே, கஅபாவை முகப்புப் படமாக வைத்திருப்போர் எழுதும் சொற்களை இங்கே எழுத இயலாது.

ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி. அவரது சாட்சியமும் ஏற்கப்படாது. இது ஸூரா அந்நூரின் 4ஆம் வசனம் விதிக்கும் தண்டனை. முகமறியாத பெண்ணை 'நடத்தை கெட்டவள்' என்று ஒரு நொடியில் தட்டச்சு செய்பவரின் நான்கு சாட்சிகள் எங்கே?

பெண்களின் ஆடை குறித்து எத்தனையோ குத்பாக்கள் கேட்டுவிட்டோம். இந்த வசனத்தையும் ஒரு ஜும்ஆவில், பின்வரிசையில் கைப்பேசியுடன் அமர்ந்திருக்கும் இளைஞர்களை நோக்கி நம் இமாம்கள் ஓதி விளக்க வேண்டும். அன்றிரவே தந்தையர் தம் மகனை அருகில் அமர்த்தி, அவன் யாரையெல்லாம் பின்தொடர்கிறான் என்று கேட்கட்டும்.