வாத்தியார் வேலை என்ன இளப்பமா?

"படம் கிடைக்காதவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்." பாலுமகேந்திரா 2007-இல் சென்னையில் சினிமா பட்டறை தொடங்கியபோது என் வாக்கிங் நண்பர் ஒருவர் அடித்த கமெண்ட் இது. அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். புனே பிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு படித்து 1969-இல் வெளியே வந்தவர். 'கோகிலா', 'மூன்றாம் பிறை' இரண்டின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது. ஜன்னல் வெளிச்சமே போதும் என்று நமக்குக் காட்டிய மனுஷர். பட்டறை தொடங்கிய பிறகும் 2013-இல் 'தலைமுறைகள்' எடுத்தார், அதில் நடிக்கவும் செய்தார். பாலாவும் வெற்றிமாறனும் அவரிடம் உதவியாளராக இருந்தவர்கள்தானே? பெயர்ப்பலகை மாட்டுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அவர் வாத்தியார்தான் ஐயா!

என் கோபம் அதற்கு மேல். 'வீடு', 'சந்தியா ராகம்' நெகடிவ்கள் போய்விட்டன என்று பல மேடைகளில் புலம்பினார். தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புனேயில் 1964-லேயே வந்துவிட்டது. இங்கே, 2014-இல் அவர் கண்மூடும்வரை வரவில்லை. சினிமாவிலிருந்து முதல்வர்களையே எடுத்துக்கொண்ட ஊருக்கு, பிலிம் சுருளை வைக்க ஒரு குளிரூட்டிய அறை கட்ட மனசு வரவில்லையாம்.

என்னிடமும் டிவியில் பதிவு செய்த 'வீடு' கேசட் ஒன்று இருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று போன வருஷம் நானே குப்பையில் போட்டேன்.